உழைப்பின் நிறமும் அழகுச் சந்தையும்

2025ஆம் ஆண்டின் முதல் பாதியில் கேரளத்திலிருந்து வந்த நான்கு செய்திகளை ஒன்றாகச் சேர்த்துப் படிக்க வேண்டியுள்ளது. மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் நடத்திய சோதனையில், முகப்பூச்சுகளிலும் உதட்டுச் சாயங்களிலும் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருப்பது கண்டறியப்பட்டது. திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சைக்குச் சென்ற இளம்பெண் ஒருவர், அதன்பின் ஏற்பட்ட கடும் பாதிப்பால் கை கால் விரல்களில் ஒன்பதை இழந்தார். கண்ணூர் மாவட்டத்தில், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைத் தவிர்த்துவந்த 18 வயது மாணவி உயிரிழந்தார். மார்ச் மாதத்தில் மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன், தமது நிறத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட ஏளனச் சொல்லைப் பொதுவெளியில் எழுதினார். தமக்கு முன் அதே பதவியில் இருந்த கணவரின் பணிக்காலம் வெண்மை என்றும், தம்முடையது கருமை என்றும் ஒருவர் ஒப்பிட்டதை அவர் வெளிப்படுத்தினார். நான்கு வயதில் தம் தாயிடம், மீண்டும் கருவறைக்குள் வைத்து வெள்ளையாகப் பெற்றெடுக்க முடியுமா என்று கேட்டதையும் அவர் நினைவுகூர்ந்தார்.

ஒருவர் மாநில நிர்வாகத்தின் உச்சியில் இருந்தவர். மற்றொருவர் மாணவி. பாதரசம் கலந்த களிம்பை வாங்குபவர் பெரும்பாலும் எளிய குடும்பத்துப் பெண். கல்வி, பதவி, வருமானம் ஆகியவற்றில் இவர்களிடையே எவ்வளவோ தொலைவு உண்டு. ஆனால் ‘உன் உடல் இப்போது இருக்கும் நிலையில் போதாது’ என்ற ஒரே தீர்ப்பு எல்லோர்மீதும் எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தீர்ப்பை எழுதுவது யார், அதனால் ஆதாயம் அடைவது யார் என்பதே உழைக்கும் மக்களின் இயக்கம் கேட்க வேண்டிய கேள்வி. இதை ‘பெண்கள் சமாச்சாரம்’ என்று ஒதுக்கி வைப்பதற்கில்லை. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்பேசும் உழைக்கும் பெண்களுக்கு இது கூலியோடும் சாதியோடும் மொழியோடும் பிணைந்த பிரச்சினை.

மருத்துவம் எங்கே முடிகிறது, சந்தை எங்கே தொடங்குகிறது?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். உடலின் சிதைந்த உறுப்பைச் சீரமைக்கும் அறுவைச் சிகிச்சை மனித அறிவின் பெருமைக்குரிய சாதனைகளில் ஒன்று. திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் கும்பினிப் படைக்கு வண்டியோட்டிய கவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். புனே பகுதியைச் சேர்ந்த, எழுதப் படிக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட கைவினைச் சாதி வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை எடுத்து அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794ஆம் ஆண்டு லண்டன் இதழொன்றில் வெளியான இந்தச் செய்தியிலிருந்துதான் ஐரோப்பிய மருத்துவர்கள் அம்முறையைக் கற்றனர். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக இத்துறை வளர்ந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை மீண்டும் நிமிரச் செய்தபோது, அவர்கள் பிச்சையெடுக்கும் நிலையிலிருந்து வேலைக்குத் திரும்பினர். தீக்காயம் பட்ட பெண்ணுக்கும், அமில வீச்சுக்கு ஆளானவருக்கும், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், மார்பகப் புற்றுநோயால் உறுப்பை இழந்தவருக்கும் இந்தச் சிகிச்சை உரிமையாகக் கிடைக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை இந்திய வரிச் சட்டமே ஏற்றுக்கொண்டுள்ளது. மருத்துவ சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பிறவிக் குறைபாடு, காயம், விபத்து ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உறுப்பைச் சீரமைக்கும் சிகிச்சைக்கும் அந்த விலக்கு பொருந்தும். அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைச் சிகிச்சைக்கு விலக்கு இல்லை. ஆக, அது நோய்க்கான மருத்துவம் அன்று, சந்தையில் விற்கப்படும் சேவை என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது. அந்தச் சந்தை சிறியதும் அன்று. அழகியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களின் பன்னாட்டுச் சங்கம் வெளியிட்ட கணக்கின்படி, 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 3.49 கோடி அழகுச் சிகிச்சைகள் நடந்துள்ளன. அவற்றுக்கு உட்பட்டவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டோர் பெண்கள்.

ஆரோக்கியமான உடலுக்குச் சிகிச்சை விற்க வேண்டுமானால், முதலில் அந்த உடலில் ஒரு குறையை உண்டாக்க வேண்டும். பசித்தவருக்கு உணவின் தேவையைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் மூக்கு அகலம், மேனி கருப்பு, இடை பெருத்தது என்பவற்றைக் குறையாக ஒருத்தி உணர்வதற்கு இடைவிடாத கற்பித்தல் தேவைப்படுகிறது. திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், விளம்பரம், கைப்பேசியில் முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கிக் காட்டும் செயலிகள், கல்யாண வீட்டுப் பேச்சு ஆகிய அனைத்தும் அந்தப் பாடத்தை நடத்துகின்றன. பிற சரக்குகள் விற்பனையானதும் தேவை ஓரளவு தணிகிறது. இந்தச் சரக்கு விற்கும்போதே தேவை மேலும் பெருகுகிறது. ஏனெனில் ஒரு குறை நீங்கியதும் அடுத்த குறை சுட்டிக்காட்டப்படுகிறது.

களிம்பிலிருந்து கத்தி வரை ஒரே ஏணி

மூணாறில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, சித்தூர் வட்டத்தில் நாற்று நடும் பெண்ணுக்கோ அறுவைச் சிகிச்சை எங்கோ இருக்கும் பணக்கார விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஏணியின் முதற்படி லயங்களின் வாசலிலேயே இருக்கிறது. சிறு பொட்டலத்தில் விற்கும் சிவப்பழகுக் களிம்பு முதல் படி. பெயரும் தயாரிப்பு முகவரியும் இல்லாத மலிவுக் களிம்பு அடுத்தது. தோல் நோய்க்குரிய ஸ்டீராய்டு களிம்பை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் பூசுவது அதற்கடுத்தது. நிறத்தை வெளுக்கச் செய்வதாகச் சொல்லி ஏற்றப்படும் ஊசியும், லேசரும், கடைசியில் கத்தியும் மேற்படிகள். எந்தப் படியில் யார் நிற்கிறார் என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. ஏற வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எல்லோருக்கும் பொதுவானது.

ஏழைகள் நிற்கும் கீழ்ப்படிகளில் ஆபத்து குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. பாதரசம், தோலில் நிறமியை உருவாக்கும் நொதியின் வேலையைத் தடுத்து நிறத்தை மங்கச் செய்கிறது. அதே பாதரசம் தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தின் வடிகட்டிகளைத் தாக்குகிறது. சிறுநீரில் புரதம் வெளியேறி நுரை காண்கிறது, கால்கள் வீங்குகின்றன. மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 15 பேருக்கு அரிதாகக் காணப்படும் ஒரு குறிப்பிட்ட வகைப் பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். இந்த ஆய்வு பன்னாட்டு மருத்துவ இதழில் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தது. கேரள அரசின் சோதனைகளும் 2023இல்தான் தொடங்கின. நோயின் காரணத்தை அறிந்து களிம்பை நிறுத்தியவர்களில் பலர் தேறினர் என்பது ஆறுதல். காரணம் தெரியாமலே நோயோடு வாழ்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

மணச்சந்தையும் வேலைச்சந்தையும்

‘இது பெண்ணின் சொந்த விருப்பம், அதில் தலையிட யாருக்கும் உரிமையில்லை’ என்ற வாதம் அழகுத் தொழிலின் கேடயமாக இருக்கிறது. வயது வந்த ஒரு பெண் தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை எந்த முற்போக்காளரும் மறுக்க முடியாது. ஆனால் விருப்பம் வெற்றிடத்தில் முளைப்பதில்லை. அந்த முடிவு எடுக்கப்படும் இடம் எது என்று பார்த்தாக வேண்டும்.

முதலாவது இடம் மணச்சந்தை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, முதலமடை ஊர்களின் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் கொள்வினை கொடுப்பினை உண்டு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைக் குடும்பங்களுக்குக் கம்பம், போடி, உத்தமபாளையத்தில் சொந்தபந்தம் உண்டு. எல்லை தாண்டிச் சம்பந்தம் பேசும்போது பெண்ணின் படிப்பும் உழைப்பும் பேசப்படுமுன் நிறம் பேசப்படுகிறது. ‘பெண் கொஞ்சம் நிறம் மட்டு’ என்ற ஒற்றை வாக்கியம் நகையின் பவுனை உயர்த்துகிறது. அந்தக் கூடுதல் பவுனுக்காகக் குடும்பம் கடன் வாங்குகிறது. அந்தக் கடனோடு ஒப்பிட்டால் களிம்பின் விலையும், சற்று வசதியுள்ள வீட்டில் தோல் சிகிச்சையின் செலவும் ஒரு தாய்க்கு இலாபமாகத் தெரிகின்றன. தன் மகளுக்குக் களிம்பு வாங்கிக் கொடுக்கும் தாயை அறியாமை பிடித்தவர் என்று ஏசுவது எளிது. அவர் ஒரு கொடுமையான கணக்கைச் சரியாகவே போடுகிறார். தவறு அந்தக் கணக்கை அவர்மீது சுமத்திய ஏற்பாட்டில் இருக்கிறது.

இரண்டாவது இடம் வேலைச்சந்தை. தோட்டத்தில் எதிர்காலம் இல்லை என்று கருதும் தொழிலாளியின் மகள் கொச்சிக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் போகிறாள். ஜவுளிக்கடை, நகைக்கடை, விடுதி வரவேற்பு, விமானப் பணி என அவள் தேடும் வேலைகள் பலவற்றில் ‘தோற்றப் பொலிவு’ எழுதப்படாத தகுதியாக வைக்கப்பட்டுள்ளது. நாள் முழுவதும் நின்றபடியே சிரித்த முகத்தோடு விற்க வேண்டும். கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் போராடிய பிறகுதான் 2018இல் கேரளத்திலும், 2021இல் தமிழ்நாட்டிலும் பணியிடத்தில் உட்காரும் உரிமை சட்டமாயிற்று. உட்காரவே சட்டம் தேவைப்பட்ட இடத்தில், முகத்தோற்றத்துக்காக ஒருத்தி நிராகரிக்கப்பட்டால் முறையிட வழி ஏது?

எல்லைப் பகுதித் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த இரண்டோடு மூன்றாவது சுமையும் உண்டு. மலையாளத் திரைப்படங்களிலும் தெருப் பேச்சிலும் ‘பாண்டி’ என்ற ஏளனச் சொல்லோடு சேர்த்து வரையப்படும் உருவம் கருப்பாகவும் அழுக்காகவும் இருக்கிறது. மறுபுறம், தமிழ்த் திரைப்படங்களின் நாயகிகளாகத் தமிழ் பேசத் தெரியாத வெளுத்த மேனியரே நெடுங்காலமாக முன்னிறுத்தப்படுகின்றனர். இங்கே மொழியாலும் அங்கே நிறத்தாலும் விலக்கப்படும் ஒரு சிறுமி, தோட்டத்துப் பள்ளியிலிருந்து நகரக் கல்லூரிக்குப் போகும் முதல் நாளிலேயே தன் முகத்தைப் பகையாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறாள். தலித் குடும்பத்துப் பெண்ணாகவோ, அட்டப்பாடியின் ஆதிவாசிப் பெண்ணாகவோ இருந்தால் சுமை இன்னும் கூடுகிறது.

கருமை இழிவானது எப்போது?

நிறத்தைப் பற்றிய இந்த இழிவுணர்ச்சி தமிழ் மரபில் என்றென்றும் இருந்தது என்று கருதுவது பிழை. சங்க இலக்கியத்தில் தலைவியின் மேனியழகைக் குறிக்கும் சொல் ‘மாமை’. மாந்தளிரின் கருஞ்செம்மை கலந்த அந்த நிறமே அழகெனக் கொள்ளப்பட்டது. ‘மாயோள்’ என்பது கரிய நிறத்தவளைச் சிறப்பித்துச் சுட்டும் பெயர். மாறாக, மேனி வெளிறிப்போகும் ‘பசலை’ பிரிவுத் துயரால் வரும் நோயாகப் பாடப்பட்டது. வெளிறுதல் நலிவு, மாமை நலம் என்பது அன்றைய அழகியல். இன்று அதே வேர்ச்சொல்லிலிருந்து வந்த ‘மாநிறம்’, மணமகள் தேவை விளம்பரத்தில் கருப்பு என்று சொல்லத் தயங்குவோரின் சமாதானச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. ‘சிவப்பு’ என்ற சொல்லோ வெளுப்பின் மறுபெயராகிவிட்டது.

இடையில் நிகழ்ந்தது சாதியும் நிலவுடைமையும் காலனியமும் சேர்ந்து செய்த வேலை. வெயிலில் நின்று உழைப்பவர் கருத்தனர்; நிழலில் இருந்து உண்பவர் வெளுத்தனர். நிறம், உழைக்காமல் வாழ்வதன் அடையாளமாயிற்று. ஆளவந்த வெள்ளையர் அந்த ஏற்பாட்டின் உச்சியில் அமர்ந்தனர். சித்தூரின் வயலிலும் மூணாறின் சரிவிலும் பெண்களின் முகத்தில் படிந்திருப்பது உழைப்பின் நிறம். அதை அழித்துவிட்டு வா என்று சொல்லும் சமூகம், அந்த உழைப்பு விளைவித்த அரிசியையும் தேயிலையையும் மட்டும் தயங்காமல் எடுத்துக்கொள்கிறது.

பெண்ணின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆதிக்க சக்திகள் தீர்மானிப்பதும், அதை எதிர்த்து உழைக்கும் பெண்கள் போராடுவதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. தென் திருவிதாங்கூரில் மார்பை மூடும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் போராடினர். அந்தத் தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859இல் அரசு ஆணை பிறப்பித்தபோதும், உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உரிமை தரப்பட்டது. 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் அய்யன்காளியின் தலைமையில் திரண்ட புலையர் பெண்கள், சாதி அடையாளமாகத் தங்கள் கழுத்தில் சுமத்தப்பட்டிருந்த கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அன்று மன்னராட்சியும் சாதியும் ஆணையிட்டன. இன்று ஆணை விளம்பரமாக வருகிறது; அதற்கு விலையையும் பெண்ணே கொடுக்கிறாள்.

ஏழைக்கும் அழகு வேண்டாமா?

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்புக்கான தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அப்போதைய தமிழ்நாட்டு நலவாழ்வுத் துறை அமைச்சர் சி.விஜயபாஸ்கர், அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்ற பொருளில் பேசினார். இந்தக் கேள்வியை நக்கலாகத் தள்ளிவிட முடியாது. புற்றுநோயால் மார்பகத்தை இழந்த ஏழைப் பெண்ணுக்கும், உடற்பாரத்தால் முதுகுவலியோடு வாழும் பெண்ணுக்கும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை கிடைப்பது முழுமையாக வரவேற்கத்தக்கது. ஆனால் பணக்காரர் மத்தியில் சந்தை உருவாக்கிய தாழ்வு மனப்பான்மையை ஏழைகளுக்கும் இலவசமாக விநியோகிப்பதைச் சமத்துவம் என்று கூறுவது எப்படி?

இடுக்கி மாவட்டத்தின் நிலையை எண்ணிப் பார்க்கட்டும். அங்கே 2014இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியில் மாணவர் சேர்க்கை இடையில் தடைபட்டு, 2022இல்தான் மீண்டும் தொடங்கியது. தேவிகுளம் மலைகளிலிருந்து கடும் பாதிப்புள்ள நோயாளியை மலைப்பாதையில் கோட்டயத்துக்கோ தேனிக்கோ கொண்டுசெல்ல வேண்டிய நிலை இன்னும் மாறவில்லை. முதுகிலும் தோளிலும் கொழுந்துச் சுமை தாங்கி மூட்டுத் தேய்ந்த பெண்களுக்கும், கர்ப்பப்பை இறங்கியும் வெளியில் சொல்லாமல் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் முதலில் மருத்துவம் வேண்டும். ஏழைப் பெண்ணின் உடலுக்கு அரசு காட்ட வேண்டிய அக்கறை இந்த இடத்திலிருந்து தொடங்கட்டும்.

போராட்டம் தந்த பலனும் சட்டத்தின் ஓட்டையும்

இந்தச் சந்தையை அசைக்கவே முடியாது என்ற அவநம்பிக்கைக்கும் இடமில்லை. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ களிம்பின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்றில், மகன் இல்லையே என்று தந்தை ஏங்குவார். மகள் களிம்பு பூசி நிறம் மாறி, விமானப் பணிப்பெண்ணாகிக் குடும்பத்தைக் காப்பாற்றுவாள். மகள் என்றால் சுமை, கருப்பு என்றால் தோல்வி என்ற இரட்டை இழிவை எதிர்த்து அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இயக்கம் நடத்தி, ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் புகார் அளித்தது. 2003இல் அந்த விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009இல் கருமையே அழகு என்ற பிரச்சாரத்தைத் தொடங்கியது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து உலகெங்கும் எழுந்த நிறவெறி எதிர்ப்பு அலையில், அதே களிம்பு தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘குளோ’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, பண்டம் கடையில் தொடர்கிறது. மக்கள் எதிர்ப்பு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே தடுத்து நிறுத்தப்படுகிறது என்ற இரண்டையும் இந்த அனுபவம் காட்டுகிறது.

சட்டத்தின் கதையும் அவ்வாறே. மாயமருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த ஒன்றிய அரசு 2020 பிப்ரவரியில் வரைவொன்றை வெளியிட்டது. தோலை வெளுப்பாக்குவதாகக் கூறும் விளம்பரங்களையும் தடைப்பட்டியலில் சேர்த்து, மீண்டும் மீண்டும் மீறுவோருக்கு 5 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வழிசெய்தது. அந்த வரைவு சட்டமாகவில்லை. தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி முதலாளிகளுக்குச் சாதகமாக நிறைவேற்றுவதில் காட்டிய வேகம், பெண்களின் உடல்நலம் காக்கும் வரைவில் காணப்படாதது தற்செயல் அன்று.

செய்ய வேண்டியவை

ஒன்று, 2020ஆம் ஆண்டு வரைவை மேலும் வலுப்படுத்திச் சட்டமாக்க வேண்டும். சமூக ஊடகங்களில் பணம் பெற்றுக்கொண்டு செய்யப்படும் மறைமுக விளம்பரங்களும் அதன் வரம்புக்குள் வர வேண்டும்.

இரண்டு, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, வாளையாறு, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் வழியே சரக்குகள் இருபுறமும் ஓடுகின்றன. கேரளம் மட்டும் சோதனை நடத்தினால் பயன் பாதியே. கேரள, தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் எல்லைச் சந்தைகளில் கூட்டாக ஆய்வு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு களிம்புகள் மருத்துவர் சீட்டின்றி விற்கப்படுவது நிறுத்தப்பட வேண்டும்.

மூன்று, நஞ்சுக் களிம்புகள் பற்றிய எச்சரிக்கைகளும், தடைசெய்யப்பட்ட பண்டங்களின் பட்டியலும் மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், தோட்ட மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும் அவை ஒட்டப்பட வேண்டும். படிக்க முடியாத மொழியில் எழுதிய எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது.

நான்கு, அழகுச் சிகிச்சை நிலையங்கள் கேரளத்தின் 2018ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனச் சட்டத்தின்கீழ் கண்டிப்பாகக் கண்காணிக்கப்பட வேண்டும். அறுவை செய்பவரின் கல்வித் தகுதி வாசலில் எழுதப்பட வேண்டும். ஆபத்துகள் நோயாளியின் தாய்மொழியில் விளக்கப்பட்ட பின்னரே ஒப்புதல் கையெழுத்து பெறப்பட வேண்டும்.

ஐந்து, தீக்காயம், அமில வீச்சு, விபத்து, புற்றுநோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டோருக்கான சீரமைப்புச் சிகிச்சை மாவட்ட அளவிலேயே இலவசமாகக் கிடைக்க வேண்டும். அமில வீச்சுக்கு ஆளானோருக்குத் தனியார் மருத்துவமனைகளும் சீரமைப்பு உட்பட முழுச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் பிறப்பித்த உத்தரவு நடைமுறையில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

கோரிக்கைகள் அரசை நோக்கியவை. தோழர்களை நோக்கியும் சில கடமைகள் உண்டு. கிளைக் கூட்டத்தில் வரதட்சணையை எதிர்த்துப் பேசும் தோழரின் வீட்டில், மருமகளின் நிறம் பற்றிய பேச்சு எழும்போது அவர் மௌனமாக இருக்கலாகாது. தன் மகளைக் ‘கருப்பி’ என்று செல்லமாக அழைப்பதாக எண்ணிக்கொண்டு, வெளுத்த மகனைச் சுட்டி ஒப்பிடும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ கொடுத்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். இவற்றைச் சிறு விஷயங்கள் என்று விட்டுவிடுவதற்கில்லை. சந்தை விதைக்கும் தாழ்வுணர்ச்சிக்கு உழவு நடக்கும் நிலம் வீடுதான். கட்சிக் குடும்பத் திருமணங்களில் நிறமும் பவுனும் பேசப்படுவதில்லை என்ற நிலையை முதலில் உருவாக்க வேண்டும். மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகள் பள்ளிகளிலும் லயங்களிலும் இதைப் பேசும் கூட்டங்களை நடத்த வேண்டும். அந்தக் கூட்டங்களில் ஆண்களும் உட்கார வேண்டும். களிம்பு பூசும் பெண்ணையோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்ணையோ ஏளனம் செய்யும் தொனி எங்கும் வரக் கூடாது. ஏளனத்தால் உருவான காயத்துக்கு ஏளனம் மருந்தாகாது.

2015 செப்டம்பரில் மூணாறு நகரச் சாலைகளில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் உட்கார்ந்தனர். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். 20 சதவீத போனஸ் கேட்டு அவர்கள் நடத்திய போராட்டத்தில் வென்றனர். அதன்பின் நடந்த கூலிப் போராட்டத்தின் முடிவில் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. தொழிற்சங்கங்களையும் அவர்கள் விட்டுவைக்காமல் விமர்சித்தனர். அதிலிருந்து கற்க வேண்டியதை இயக்கம் கற்க வேண்டும். வெயிலிலும் மழையிலும் கருத்துச் சுருங்கிய அந்த முகங்களைத்தான் அன்று நாட்டின் தொலைக்காட்சிகள் எல்லாம் நாள்தோறும் காட்டின. விளம்பர இடைவேளையில் வெளுப்பு விற்கப்பட்ட அதே திரையில், கூலி கேட்கும் முகங்கள் தயக்கமின்றி நிமிர்ந்து பேசின. அவர்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்கும் கடைக்கும் வேலைக்கும் போகிறார்கள். தாய்மார் கூலிக்காகக் காட்டிய அந்த நிமிர்வோடு மகள்கள் கண்ணாடியின் முன்னும், பெண்பார்க்க வருவோர் முன்னும், நேர்முகத் தேர்வு நடத்துவோர் முன்னும் நிற்கும் நிலையை உருவாக்குவது வர்க்கப் போராட்டத்தின் ஒரு பகுதியே. அப்பொறுப்பை எல்லைப் பகுதிக் கிளைகள் அடுத்து வரும் மாதங்களின் பணித்திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.